கழுத்து முள்ளெலும்பைப் படிக்கக் கணினியைப் பழக்கிய அனுபவம்

கீழ்த்தாடை பின்தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு அதை முன்னோக்கி வைத்திருக்கும் ட்வின் பிளாக் போன்ற வாய்க்கருவிகளை, வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில் பொருத்தினால்தான் நல்ல பலன் கிடைக்கிறது. அந்தப் பருவத்தை வயதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது பழைய வழக்கம்; ஆனால் சிகிச்சைத் திட்டத்துக்காக எப்படியும் எடுக்கும் பக்கவாட்டு செபலோகிராமிலேயே (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே), வளர வளர வடிவம் மாறும் கழுத்து முள்ளெலும்புகளும் தெரிவதால், அவற்றைக் கொண்டே கணித்தால் கூடுதல் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம். இந்தக் கணிப்பைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கற்பிப்பதைத்தான் பல்சீரமைப்பு முதுநிலைப் படிப்பின் ஆய்வேடாக எடுத்துக்கொண்டேன்.

பாச்செட்டி, ஃபிராங்கி, மெக்நமாரா ஆகியோர் 2005இல் வெளியிட்ட, கழுத்து முள்ளெலும்புகளின் முதிர்ச்சியை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் முறையைப் பின்பற்றினோம். இரண்டாவது முதல் நான்காவது வரையிலான முள்ளெலும்புகளின் கீழ்விளிம்பு குழிந்திருக்கிறதா, மூன்றாவதும் நான்காவதும் சரிவகம், படுக்கைச் செவ்வகம், சதுரம், நெடுக்குச் செவ்வகம் ஆகியவற்றுள் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்பதே அளவுகோல். கீழ்த்தாடை வளர்ச்சியின் உச்சம் மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் இடையில் அமைகிறது என்பதால் எங்கள் கவலையெல்லாம் அந்த எல்லையைப் பற்றியதே.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைத்தபின், படங்களின் மூலையில் பதிந்திருந்த பெயர்களையும் எண்களையும் நீக்கினோம். தைராய்டைக் காக்க அணிவிக்கும் ஈயப்பட்டை சில படங்களில் நான்காம் முள்ளெலும்பை மறைத்திருந்தது. அவற்றை ஒதுக்க வேண்டியதாயிற்று.

உண்மையில் கடினமான வேலை நிலைகளைக் குறிப்பதுதான். இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் குறித்ததை மற்றவர் பாராமல் குறித்தார்கள். சில வாரங்கள் கழித்து அதே படங்களை வரிசை மாற்றி மீண்டும் கொடுத்தோம். மூன்றா நான்கா என்ற இடத்தில், நெடுநாள் அனுபவமுள்ளவரும் தாம் முன்பு சொன்னதிலிருந்தே சில வேளை மாறினார். மனிதர்கள் ஒத்துப்போகாத இடத்தில் கணினியின் விடையைச் சரியென்றோ தவறென்றோ எதை வைத்துச் சொல்வது? கருத்து மாறுபட்ட படங்களை மூன்றாவது ஆசிரியர் பார்த்து முடிவுசெய்தார், குறித்தவர்கள் எந்த அளவு ஒத்துப்போனார்கள் என்பதைக் காட்டும் காப்பா மதிப்பையும் ஆய்வேட்டில் பதிவுசெய்தோம்.

ஒரே பிள்ளையின் சிகிச்சைக்கு முந்தைய படம் பயிற்சிக்கும் பிந்தைய படம் சோதனைக்கும் போய்விட்டால் முடிவு பொய்யாக உயர்ந்து தெரியும் என்பதால், படங்களை ஆள்வாரியாகப் பிரித்தோம். முழுப் படத்தையும் கொடுத்துப் பயிற்றுவித்தபோது, கணினி எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று காட்டும் வெப்பவரைபடத்தில், முள்ளெலும்புகளைவிடப் பற்களின் மீதே நிறம் அடர்ந்திருந்தது. முளைத்திருக்கும் பற்களைப் பார்த்து வயதை ஊகித்து, அதிலிருந்து நிலையைச் சொல்கிறது என்றே எனக்குத் தோன்றியது. வயதை நம்பாதிருக்கவே இந்த முறையைத் தேடி வந்தோம் என்பதால், அதை ஏற்க எனக்கு மனமில்லை. முள்ளெலும்புப் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்துப் புதிதாகப் பயிற்றுவித்தோம்.

இப்போது அது ஒரே நிலையைச் சொல்லாமல், ஆறு நிலைகளுக்கும் உரிய நிகழ்தகவைக் காட்டுகிறது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அது தயங்கினால், உயர வளர்ச்சிப் பதிவையும், பெண்பிள்ளையானால் பூப்பெய்திய காலத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம். வேறு எக்ஸ்ரே இயந்திரத்தில் எடுத்த படங்களில் இன்னும் சோதிக்கவில்லை. அது முடியும்வரை சிகிச்சை முடிவுகளுக்கு இதைப் பயன்படுத்த மாட்டோம்.