பூட்டு பட்டியல்ல இல்ல

மார்ச் 3

லினக்ஸ் கெர்னலுக்கு நான் எழுதுற எல்எஸ்எம், அதாவது செக்யூரிட்டி மாட்யூல், கம்பைல் ஆச்சு, ஒரு வார்னிங் கூட இல்ல. பூட் பண்ணி, செக்யூரிட்டிஎஃப்எஸ்ல, ஓடுற மாட்யூல் பேரெல்லாம் இருக்குற எல்எஸ்எம் ஃபைலை கேட் பண்ணி படிச்சா, கெர்னலோடவே வர்ற கேபபிலிட்டி, லேண்ட்லாக், யாமா. மூணே பேர். என் பூட்டு இல்ல. மாட்யூலுக்கு பூட்டுன்னு பேர் வச்சதே தப்பு, பூட் ஆகுதா பூட்டு ஆகுதான்னு எனக்கே குழம்புது.

போன் வரல.

மார்ச் 4

சிரிப்பா வருது. கான்ஃபிக்ல (கெர்னல் பில்ட் செட்டிங்) ஒய் போட்டா மாட்யூல் கெர்னல் இமேஜுக்குள்ள போகும், அவ்ளோதான். ஓடணும்னா கான்ஃபிக் எல்எஸ்எம்னு ஒரு ஸ்ட்ரிங், கமா போட்ட பேர் வரிசை, அதுல பேர் இருக்கணும். பழைய கான்ஃபிக்கை தூக்கிட்டு வந்து ஓல்ட்டெஃப்கான்ஃபிக் அடிச்சா, அது புது ஆப்ஷனுக்கு மட்டும்தான் டீஃபால்ட் போடும், பழைய ஸ்ட்ரிங்கே அப்படியே தங்கிடும். லேண்ட்லாக் டாக்குமென்ட்லயே இதை தனியா சொல்லி வச்சிருக்காங்க. படிச்சிருக்கேன். படிச்சும்!

ராத்திரி: ரீபில்ட் பண்ண சோம்பல், பூட் லைன்ல, அதாவது பூட் ஆகுறப்ப கெர்னலுக்கு குடுக்குற ஆப்ஷன் வரியில, எல்எஸ்எம் சமம் பூட்டுன்னு மட்டும் போட்டேன். வந்துருச்சு!! இன்னைக்கு தூங்குவேன்.

மார்ச் 5

தூங்கல. பூட் லைன்ல குடுக்குற லிஸ்ட் இருக்குற லிஸ்ட்டோட சேராது, அதை தூக்கிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். லேண்ட்லாக் போச்சு, யாமா போச்சு. கேபபிலிட்டி மட்டும் எப்பவும் முதல் ஆளா நிக்கும், அதை யாரும் அசைக்க முடியாது. பிட்ரேஸை (ஒரு புரோகிராம் இன்னொண்ணுக்குள்ள எட்டிப் பார்க்குறது) கட்டுப்படுத்துறதே யாமாதான், அது இல்லாம பிட்ரேஸ் டெஸ்ட் அரை நாள் ஓடியிருக்கு, எல்லாம் பாஸ், நான் வேற சந்தோஷமா இருந்திருக்கேன்.

மார்ச் 6

நாலு பேரையும் ஸ்ட்ரிங்ல எழுதி ரீபில்ட். பூட்டு கடைசில. திரும்பவும் மூணுதான்.

தனியா விட்டா வருது, கூட்டத்துல விட்டா காணோம், அப்ப லேண்ட்லாக்தான் எதையோ தள்ளுதுன்னு நினைச்சு மாட்யூல்கள் தங்களோட ஹூக்கை (கெர்னல் நடுவுல கூப்பிட்டு அனுமதி கேட்குற ஃபங்ஷன்) பதிய கூப்பிடுற செக்யூரிட்டி ஆட் ஹூக்ஸ் ஃபங்ஷனை வரி வரியா படிச்சேன். லேண்ட்லாக் அதை ஒரு தடவைக்கு மேல கூப்பிடுது, அதனால ஒரே பேர் ரெண்டு தடவை எண்ணாம இருக்க, முந்தின என்ட்ரியும் இதுவும் ஒண்ணான்னு மட்டும் பார்க்குறாங்க, முழு பட்டியலையும் தேடல, ஏன்னா மாட்யூல்கள் ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணாத்தான் இனிஷியலைஸ் ஆகுது, நடுவுல யாரும் புகுற வழியில்ல. அழகான சோம்பேறித்தனம். ஆனா என் பிரச்சனை அது இல்ல.

எல்லாத்துக்கும் மேல ஒவ்வொரு தடவையும் ரீபில்ட், ரீபூட். 2008ல வந்த கெர்னல் 2.6.24க்கு முன்னாடி இதையெல்லாம் லோடு பண்ணி பார்த்துட்டு கழட்டவும் செஞ்சிருக்காங்க. கழட்டுறது ஆபத்துன்னு மூடிட்டாங்க, நியாயம்தான், இப்ப ஹூக் எல்லாம் இனிட் முடிஞ்சதும் ரீட் ஒன்லி. நியாயம்தான்னு தெரிஞ்சும் திட்டிட்டேதான் உக்காந்திருக்கேன்.

மார்ச் 8

24.

மார்ச் 9

24ன்னா என்னன்னு எழுதாம விட்டுட்டேன். கெர்னல் 6.8ல எல்எஸ்எம் லிஸ்ட் மாட்யூல்ஸ்னு ஒரு சிஸ்கால் (புரோகிராம் கெர்னல்கிட்ட கேட்குற வழி) சேர்த்தாங்க, நம்பர் 461. சைஸ் 0 குடுத்து கூப்பிட்டா ஈ2பிக்னு (இடம் பத்தலன்னு) திட்டிட்டு எவ்ளோ பைட் வேணும்னு சொல்லும். ஒவ்வொரு மாட்யூல் ஐடிக்கும் 8 பைட். கேபபிலிட்டி 100, யாமா 105, லேண்ட்லாக் 110. ஃபைல் பொய் சொல்லுதோன்னு ஒரு சந்தேகத்துலதான் இதை கேட்டேன். அதுவும் 24, அதாவது மூணுன்னுதான் சொல்லுது. எனக்கு நாலு பேருக்கு 32 வேணும்.

போன் வரல. நானா பண்ணலாமா? வேணாம்.

மார்ச் 10

டிமெஸ்கோட (கெர்னல் லாக்) தலையிலயே இருந்திருக்கு. நான் எப்பவும் வாலைத்தான் பார்ப்பேன். ஸ்டாடிக் கால் இடம் தீர்ந்துபோச்சுன்னு ஒரு வார்னிங், அதோட என் மாட்யூலை விட்டுட்டு நிம்மதியா பூட் ஆகியிருக்கு.

6.12ல ஹூக் லிஸ்ட்டை எடுத்துட்டு ஸ்டாடிக் கால், அதாவது நேரடியா கூப்பிடுறது, கொண்டு வந்தாங்க, பாயின்டர் வழியா தாவுற செலவு மிச்சம். ஆனா எத்தனை இடம்னு கம்பைல் நேரத்துலயே தெரியணும், அதுக்கு ஒரு ஹெடர் ஃபைல் ஒவ்வொரு மாட்யூலோட கான்ஃபிக்கையும் பார்த்து எண்ணுது. அதுல என் வரி இல்ல. மூணு நாற்காலி, நாலாவது ஆள் நான். தனியா விட்டப்ப ஏன் வந்துச்சுன்னு இப்ப புரியுது, லேண்ட்லாக் யாமா நாற்காலி காலி. இன்னொரு மெஷின்ல செலினக்ஸ்னு இன்னொரு மாட்யூல் கம்பைல் ஆகி வரிசையில இல்லாம கிடக்கு, அங்க பூட்டு செலினக்ஸோட இடத்துல ஜம்முனு உக்காந்திருந்துச்சு. அதை நம்பித்தான் "என் கோடு சரி"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

மார்ச் 11

32!

மார்ச் 12

லேண்ட்லாக் டெஸ்ட் விழுது. வரிசைக்கு வந்த மறுநாளே பக்கத்து ஆளை மிதிச்சிருக்கேன். கிரெட்ல (ஒரு புராசஸோட அடையாளமும் உரிமையும் இருக்குற இடம்) இருக்குற செக்யூரிட்டி பிளாப், ஒரு மெமரி துண்டு, எல்லா மாட்யூலுக்கும் பொது, அவங்கவங்க சைஸை முதல்ல சொல்லணும், பூட் ஆகுறப்ப கெர்னல் அதையே ஆஃப்செட்டா (ஆரம்பத்துல இருந்து எவ்ளோ தள்ளி) மாத்தி திருப்பி தரும், அதை கூட்டித்தான் தொடணும். நான் கூட்டாம நேரா ஆரம்பத்துல எழுதியிருக்கேன். அங்க இருந்தது லேண்ட்லாக்.

ஆஃப்செட் கூட்டியாச்சு, பில்ட் ஓடுது. போனை கவுத்து வச்சிருக்கேன்.