தேங்காய் மட்டை போன வழி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு லைன் சூப்பர்வைசர் வேலை. பதினாறு வருஷமாகிறது. பவர் டேபிள் என்கிற தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு தளம் முழுக்க என் பொறுப்பு. ஆயுத பூஜைக்குப் பொரி, தீபாவளிக்குப் போனஸ் என்று வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு ஜனவரியில் முதலாளி கூப்பிட்டு, "நம்ம ஆளுகளை ஒரு நாள் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க" என்றார். எங்களிடம் சரக்கு வாங்கும் பையரின் ஆடிட்டில் யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அது கிடக்கட்டும்.

லைனில் போய்ச் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். "டூர் வேண்டாங்ண்ணா, அந்தக் காசக் கையில குடுத்தா சிலிண்டர் வாங்கிக்குவேன்" என்றது ஒரு குரல். இன்னொருவர் எந்தக் கிழமை என்று கேட்டார். ஞாயிறு என்றதும் பாதி முகங்கள் மெஷினுக்குள் திரும்பிவிட்டன. காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரைக்கும், வாரம் பூரா ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் சொந்த நாள். துணி துவைக்க, தலைக்கு ஊற்றிக்கொள்ள, கறி எடுத்துச் சமைக்க, பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்க்க. அந்த நாளை எடுத்துக்கொண்டு அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைத்தால் யார்தான் வருவார்கள்? அந்த வருஷம் ஜனவரி 26 திங்கட்கிழமை வந்தது. சம்பளத்தோடு லீவு. ஞாயிறு இரவு கிளம்பி, திங்கள் முழுக்க அங்கே இருந்து, செவ்வாய் விடியலுக்குள் திரும்புவதாக முடிவானது. 46 பேர் பெயர் கொடுத்தார்கள், அதில் 29 பேர் பெண்கள்.

இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கொங்கு நாட்டில் எல்லாம் உண்டு, கடல் மட்டும் கிடையாது. நமக்குக் கடல் என்பது சந்தைக்கு வரும் கருவாடு, மூட்டை உப்பு, அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்து பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற விடுகிறதே, அது அரபிக் கடலிலிருந்து கிளம்பி வரும் காற்றுதான். அம்மியைப் பறக்க வைக்கும் என்று பழமொழி சொல்லிப் பழகினோமே தவிர, அது கிளம்பும் இடத்தைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கே இருபத்து மூன்று வயதுக்கு மேல்தான் கடல் வாய்த்தது. அதனால் "நம்ம ஜனங்களுக்குக் கடலைக் காட்டிடணும்" என்று ஒரு பெரிய மனுஷத்தனம் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கேரளக் கரையில் வர்க்கலா. குன்று செங்குத்தாக வந்து கடலை முட்டி நிற்கும் இடம். கடலும் ஆச்சு, மலையும் ஆச்சு.

அட்டவணை போட்டேன். பீஸுக்கு இத்தனை விநாடி என்று எழுதியே பழகின கை அல்லவா? ஏழு மணிக்குச் சேர்வது, ஏழே முக்கால் வரை டிபன், எட்டு முதல் பத்து வரை கடல் குளியல், முக்கால் மணி சிவகிரி மடம் என்று இறங்கிக்கொண்டே போனது. பாத்ரூமுக்கு வழியில் இரண்டு முறை பத்துப் பத்து நிமிஷம். 29 பெண்கள், பெட்ரோல் பங்கில் ஒரே ஒரு கழிவறை, பத்து நிமிஷம்! இதைக் கணக்கென்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆலப்புழைக்கு முன்னால் நின்ற அந்தப் பங்கிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வாளையார் தாண்டி, பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே குதிரான் சுரங்கப் பாதைக்குள் பஸ் நுழைந்தபோது தூங்கிக்கொண்டிருந்த பையன்களெல்லாம் எழுந்து விசில் அடித்தார்கள். அதற்குப் பிறகு விடியும் வரை பாட்டு. காலை ஒன்பதே காலுக்கு ஹெலிபேடு பக்கம் பஸ்ஸை நிறுத்தி, குன்றின் விளிம்புக்கு நடந்தோம்.

முதலில் யாரும் பேசவில்லை. காலுக்குக் கீழே, நல்ல பனைமர உயரத்தில் தரை சட்டென்று முடிந்து, அங்கிருந்து வானம் வரைக்கும் தண்ணீர். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

படி இறங்கிக் கீழே போய்க் குன்றைத் திரும்பிப் பார்த்தபோதுதான் செக்கிங் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். மேலே செம்புரைக் கல், செங்கல் நிறம். அதற்குக் கீழே மணல் கல், கீழே வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகக் களிமண் பட்டைகள், இடையிடையே கறுப்பாக நிலக்கரிப் படிவம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக வைத்திருக்கும் குன்று அது. எங்கள் செக்கிங் அக்கா இடுப்பில் கைவைத்து மேலிருந்து கீழே வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஷேட் வேரியேஷன் சார், ஒரு லாட்டுக்கும் ஒரு லாட்டுக்கும் சேரவே இல்லை. நான் பாஸ் பண்ண மாட்டேன்" என்றார். ஒரு தடவை சாயம் ஏற்றின துணிக்கும் அடுத்த தடவைக்கும் நிறம் மாறினால் லைனில் சொல்வது இதைத்தான். சாயப்பட்டறை ஊர்க்காரர்களின் கண் எங்கே போனாலும் சாயப்பட்டறையைத்தான் பார்க்கும்.

குன்றின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்து வழிந்தது. குடித்துப் பார்த்தோம், உப்பே இல்லை. மேலே பெய்கிற மழை செம்புரைக் கல்லிலும் மணலிலும் ஊறி இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் வெளியே வருகிறது. குன்று சரிவதற்கும் பெரிய காரணம் இந்த ஈரம்தான். களிமண் நனைந்து வழுக்கும், கீழே அலை அரிக்கும், மேலே இருப்பது மொத்தமாக இறங்கும். ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களை அதைச் சொல்லித்தான் கிளப்பினேன்.

கடலில் இறங்கும் நேரம் வந்தது. நான் விசிலை எடுத்தேன். (ஆமாம், விசில் வாங்கிப் போயிருந்தேன்.) எங்கள் லைனில் கைமடியாக இருக்கும் ஓர் அக்கா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், "கொஞ்சம் பொறுங்க" என்றார். கைமடி என்றால் பவர் டேபிளில் தைக்கிறவருக்குப் பீஸை மடித்து எடுத்துக் கொடுக்கும் வேலை. லைனிலேயே குறைந்த சம்பளம். மூன்று வருஷமாக இருக்கிறார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

மணலில் குத்தவைத்து உட்கார்ந்து, பத்து நிமிஷம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மணியைப் பார்த்தேன். அவர் எழுந்து போய், கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு தேங்காய் மட்டையை எடுத்து வந்தார். வலது பக்கம் ஓரிடத்தில் அலையே இல்லாமல் தண்ணீர் அமைதியாக இருந்தது. பெண்களும் பிள்ளைகளும் இறங்க அதுதான் தோது என்று நான் ஏற்கெனவே கைகாட்டியிருந்த இடம். மட்டையை அங்கே வீசினார். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல, அவசரமே இல்லாமல், நேராக உள்ளே போனது. இரண்டு பக்கமும் உடைகிற அலைகளைத் தாண்டி ஒரு புள்ளியாகும் வரை நாங்கள் 46 பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பாத்தீங்களா தம்பி, வார தண்ணி எல்லாம் திரும்பிப் போவணும்லா. பள்ளமா இருக்க இடம் பாத்து அது வழியாத்தான் போவும். பள்ளத்துல அலை உடையாது. அலை இல்லன்னு நம்ம ஆளுவ அங்கதான் போய் இறங்குவாவ."

சிக்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். கரையைப் பார்த்து நீந்தக் கூடாதாம், எப்பேர்ப்பட்டவனும் களைத்துப் போவானாம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பை விட்டு வெளியே வந்து, பிறகு அலையோடு வர வேண்டுமாம். அதற்குள் லைஃப் கார்டு ஒருவர் அந்தப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று ஓடி வந்தார். அக்காவின் மட்டை அதற்கு முன்பே சொல்லிவிட்டது.

திருச்செந்தூர் பக்கத்து வீரபாண்டியன்பட்டினம் அவருக்கு. அப்பா, அண்ணன், புருஷன் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். நான் கடலைக் காட்ட வேண்டும் என்று 400 கிலோமீட்டர் கூட்டி வந்த ஜனங்களில் ராமநாதபுரத்துக்காரர்கள் நாலு பேர், தூத்துக்குடிப் பக்கம் மூன்று பேர், ஒடிசாவில் கஞ்சம் மாவட்டக் கடற்கரைப் பையன் ஒருவன். அத்தனை பேருடைய சொந்த ஊரும் என் ரிஜிஸ்டரில் ஒரு பத்தியாக இருக்கிறது. பி.எஃப். படிவத்துக்காக நானே கேட்டு எழுதினதுதான். கடலைக் காட்டப்பட வேண்டியவர்கள் உண்மையில் அவிநாசி, காங்கேயம், தாராபுரத்துக்காரர்களான நாங்கள்தான்.

அதற்குப் பிறகு விசிலுக்கு வேலை இல்லை. அக்கா ஈர மணலில் காலால் இரண்டு கோடு கிழித்தார், அதற்குள்தான் எல்லாரும். இடுப்புக்கு மேல் போனவனைப் பெயர் சொல்லி அதட்டினார். என்னையும் ஒரு தடவை அதட்டினார். சேலையோடு நனைந்த பெண்கள் மாற்றிக்கொள்ள என் அட்டவணையில் இடமே இல்லை. டிரைவரையும் ஆண்களையும் இறக்கிவிட்டு, பஸ்ஸில் திரையை இழுத்துவிட்டு, பத்துப் பத்துப் பேராக அனுப்பியதும் அவர்தான்.

மத்தியானம் கொண்டுபோன அரிசியும் பருப்பும் சாதம், தயிர் சாதம். மீன் வாங்கலாம் என்று போன பையன்களிடம், "செவுளத் தூக்கிப் பாரு, இது பிடிச்சு நாலு நாள் ஆச்சு" என்று அக்கா தடுத்துவிட்டார். எங்கள் அயர்னிங் மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் வர்க்கலாவிலேயே இருக்கும் பாபநாசம் கரைக்குப் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தார். அந்தக் கரையே அதற்குப் பேர் போனது, ஆடி அமாவாசைக்கு நிற்க இடம் இருக்காது என்பார்கள். சிவகிரிக்கு நேரம் இல்லை. நாராயண குரு 1928-ல் சமாதியான இடம், அவ்வளவு பக்கத்தில் வந்தும் வாசலைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி.

ஐந்து மணிக்கு எல்லாரையும் மேலே ஏற்றி எண்ணினேன். 45. அக்கா விளிம்பிலிருந்து தள்ளி, ஒரு கடைப் பெஞ்சில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கூர்ல சூரியன் கடல்ல இருந்து எந்திச்சு வரும் தம்பி. கடலுக்குள்ள இறங்கி நான் பாத்ததே இல்ல. ஆறரைக்கு விழுந்துரும்னு கடைக்காரன் சொல்லுதான். இருந்து பாத்துட்டுப் போவமா?"

நான் செவ்வாய்க்கிழமையை நினைத்தேன். ஷிப்மென்ட் வெள்ளிக்கிழமை. லைன் எட்டரைக்கு ஓடியாக வேண்டும். டிரைவர் பத்து மணி நேரம் என்றார். "இல்லைங்க்கா, லேட் ஆயிரும். இன்னொரு தடவை வரலாம்" என்றேன். அவர் சரி என்று எழுந்து வந்துவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. காலையில் போட்ட விசிலை மறுபடி எடுத்து நான் ஊதினேன் என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கொல்லத்துக்கு முன்னால் ரோட்டு வேலை. ஒரு சின்னக் கடைவீதியில் பஸ் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றது. அக்கா உட்கார்ந்திருந்தது வலது பக்க ஜன்னல். இடது பக்கத்திலிருந்து யாரோ, "அக்கா, இங்க வாங்க, இங்க வாங்க" என்று கத்தினார்கள். எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். ஒரு பெட்ரோல் பங்க் கூரைக்கு மேலே வானம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

விடியற்காலை ஐந்தரைக்குத் திருப்பூர். எட்டரைக்கு மூன்று பேர் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள். அக்காவும் தன் டேபிளில் இருந்தார். "வணக்கம் சார்" என்றார்.

துணி வரவில்லை. ஷேட் சேரவில்லை என்று சாயப்பட்டறையிலேயே லாட் நின்றுவிட்டதாம். நான் போன் மேல் போன் போட்டேன். மெஷின்களுக்கு முன்னால் எல்லாரும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள், சிலர் அப்படியே டேபிளில் தலை வைத்துத் தூங்கிவிட்டார்கள். முதல் ரோல் வந்து இறங்கியபோது மணி பதினொன்று பத்து. ரிஜிஸ்டரில் காரணம் என்ற இடத்தில் "துணி வரவில்லை, 2 மணி 40 நிமிடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.