டவர் இல்லாத இடத்தில் இறங்கும்போது

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சித்தி மகன் பைலட் பயிற்சிக்காக அமெரிக்கா கிளம்புகிறான். "டவரே இல்லைன்னா யார் முதல்ல இறங்கணும்னு யாரு சொல்லுவாங்க அக்கா?" என்று போனில் கேட்டான். நியாயமான கேள்வி. நம் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில், டவரை, அதாவது விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான விமான நிலையங்களில் டவர் கிடையாது, நான் பயிற்சி எடுத்த இடம் உட்பட. எல்லோருக்கும் பொதுவான ஒரு அலைவரிசையில் அவரவர் இருக்கும் இடத்தைச் சொல்லி, தாங்களே வரிசை போட்டுக்கொண்டு இறங்குவார்கள்.

தரையிலிருந்து சுமார் 1000 அடி உயரத்தில், ரன்வேக்குப் பக்கவாட்டில், இறங்கும் திசைக்கு எதிர்த்திசையில் பறப்பது டவுன்விண்ட். அங்கிருந்து ரன்வே பக்கமாக ஒரு முறை திரும்பினால் பேஸ், இன்னொரு முறை திரும்பி ரன்வேக்கு நேராக இறங்கி வருவது ஃபைனல். இடைவெளி அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த முதல் திருப்பத்தில்தான். எனக்கு முன்னால் ஒருவர் ஃபைனலில் வந்துகொண்டிருந்தால், அவர் என் இறக்கை நுனியைத் தாண்டிப் பின்னால் போகும்வரை பேஸுக்குத் திரும்ப மாட்டேன். அவருடையது மெதுவான விமானம் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுப்பேன். அதற்காக டவுன்விண்டை நீட்டிக்கொண்டே போகவும் கூடாது. பின்னால் வருபவரும் நீட்ட வேண்டிவரும், அப்புறம் எல்லோருமே ரன்வேயை விட்டு வெகுதூரம் போய்விடுவோம். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடுவது மேல். ஃபைனலுக்குத் திரும்பும் நேரத்தில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கப் பார்ப்பது மிக ஆபத்து. அந்த உயரத்தில் ஸ்டால் ஆனால், அதாவது இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்தால், மீட்க இடமே இல்லை.

தம்பிக்கு ரேடியோவில் என்ன பேசுவது என்பதுதான் கவலை. அவனுக்கு வாட்சன்வில் விபத்தைச் சொன்னேன். 2022 ஆகஸ்ட் 18, கலிஃபோர்னியா. செஸ்னா 152 என்ற ஒரு சின்ன ஒற்றை எஞ்சின் விமானம் வழக்கமான சுற்றில் வந்து பேஸுக்குத் திரும்பியது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று 10 மைலுக்கு அப்பாலிருந்தே நேராக ஃபைனலுக்கு வருவதாக அறிவித்திருந்தது. இருவருமே ரேடியோவில் பேசினார்கள். ஆனால் 340 சுமார் 180 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வந்தது. 152 போன்ற விமானம் ஃபைனலில் 60 நாட் அளவில்தான் வரும். பின்னால் வேகமாக வருவதைப் பார்த்த 152-இன் பைலட், இறங்காமல் மேலேறிவிடுவதாகச் சொன்னார். அதற்குள் மோதிவிட்டது. மூன்று பேர் இறந்தார்கள்.

நேராக வந்து இறங்குவதை விதி தடுக்கவில்லை. ஆனால் சுற்றில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கும்போது அப்படி வருவது எனக்குச் சம்மதமில்லை. மின்சார அமைப்பே இல்லாத பழைய பைப்பர் கப் மாதிரி விமானங்கள், ரேடியோ இல்லாமலே அங்கே சட்டப்படி இறங்கலாம். அதனால், "ஃபைனல் காலி" என்று காதில் விழுந்தாலும், பேஸுக்குத் திரும்பும் முன் ஃபைனல் பக்கம் கடைசிவரை கண்ணால் பார்த்துவிடு என்றேன். சந்தேகம் வந்தால் இறங்காதே, பவர் கொடுத்து மேலேறு. கீழே யாராவது ரன்வேயிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தால், கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி ஏறு. நீ உட்கார்ந்திருப்பது இடது சீட், அவர் உன் ஜன்னலில் தெரிவார்.