மடக்குச் சவரக்கத்தி: முதல் சில வாரம் கன்னம் மட்டும் போதும்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 5/8 அங்குல அகலமுள்ள கார்பன் ஸ்டீல் கத்தி நல்லது. வாங்கும்போதே சவரத்துக்குத் தயாராகத் தீட்டியதா என்று கேளுங்கள். குறைந்தது 8000 கிரிட் (நுண்மை அளவு) தீட்டுக்கல்லில் தீட்டியிருக்க வேண்டும். இதைக் கேட்காமல் வாங்கி, முடியை இழுக்கிறதே என்று ஒதுக்கிவைத்தவர்கள் நிறைய.

கத்தியைத் தேய்த்துக் கூரைச் சீராக்கும் தோல்வார்தான் உயிர். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் கத்தி அதன்மேல் 50 தடவை போய்வர வேண்டும். கத்தியின் முதுகு (மழுங்கிய விளிம்பு) முன்னே, கூர் பின்னே. கடைசியில் திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டுங்கள். முதுகு வாரைவிட்டு எழும்பினால் கூர் மடங்கும், வாரும் கிழியும். வார் தொய்ந்தாலும் கூர் உருண்டுவிடும், இழுத்துப் பிடியுங்கள்.

நுரை தயிர்போல் கெட்டியாக, பளபளவென்று இருக்கட்டும். பெரிய குமிழி தெரிந்தால் தண்ணீர் அதிகம். மறுகையால் தோலை நன்றாக இழுத்து, கத்தியைத் தோலுக்கு 30 டிகிரி சாய்வில் வைத்து, முடி வளரும் திசையிலேயே சிறிது சிறிதாக மழியுங்கள். அழுத்தவே கூடாது. கத்தி பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த நொடியே வெட்டும். மோவாய், மேலுதடு இப்போதைக்கு வழக்கமான ரேஸரிலேயே நடக்கட்டும்.

பிறகு முகத்துக்குப் படிகாரம். கத்தி மடங்கும் இடத்திலுள்ள ஆணிப் பக்கம் ஈரம் தங்கும், அங்கேதான் துரு தொடங்கும். துடைத்து ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.