வீட்டை விட்டு வெளியே போகும் சாமான்

(கீழே வரும் நான்கு படங்களின் முடிவுகளும் இதில் இருக்கின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

மனைவியின் துரோகம், கணவனின் சந்தேகம், நடுவில் ஒரு பிணம் என்று த்ரில்லர் எழுத உட்காருகிறவர்கள் முதலில் கொலையைத்தான் யோசிக்கிறார்கள். எந்த அறை, எந்த ஆயுதம், போலீஸ் எப்போது வரும். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த வீட்டிலிருந்து எந்தச் சாமான் வெளியே போகப் போகிறது?

பிரெஞ்சு இயக்குநர் கிளோட் ஷப்ரோல் 1969-இல் எடுத்த 'லா ஃபாம் இன்ஃபிதேல்' படத்தில் அது ஒரு பெரிய லைட்டர். சார்லஸ் இன்ஷூரன்ஸ் தொழில் பார்க்கிறவர், அமைதியானவர். மனைவியின் காதலன் யாரென்று துப்பறிவாளர் மூலம் தெரிந்துகொண்டு நேராக அவன் வீட்டுக்கே போகிறார். சண்டை போடவில்லை. எனக்கு எல்லாம் தெரியும், நாங்கள் ஒருவருக்கொருவர் எதையும் மறைப்பதில்லை என்று பொய் சொல்கிறார். அவனும் நம்பி மது ஊற்றிக் கொடுக்கிறான், வீட்டைச் சுற்றிக் காட்டுகிறான். படுக்கையறையில் அந்த லைட்டர் இருக்கிறது. திருமண நாளுக்குச் சார்லஸ் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தது. அதுவரை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நின்ற மனிதரின் முகம் அங்கேதான் வெளுக்கிறது. சார்லஸாக நடித்த மிஷேல் பூக்கே அந்த இடத்தில் குரலை உயர்த்துவதே இல்லை. தடுமாறுகிறார், பக்கத்தில் இருந்த கல் சிலையை எடுத்து அடிக்கிறார், முடிந்தது.

கொலைக்குப் பிறகு வருவதைத்தான் திரைக்கதை எழுதுகிறவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ரத்தம் துடைப்பது, தொட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் துடைப்பது, உடலைத் துணியில் சுற்றிக் காருக்கு இழுப்பது எல்லாம் வசனமே இல்லாமல் நீள்கிறது. வழியில் பின்னால் வந்த வண்டி காரின் டிக்கியில் இடிக்கிறது. உள்ளே பிணம். கடைசியில் பாசி படர்ந்த குட்டையில் தள்ளினால் அந்த மூட்டையும் சட்டென்று மூழ்காமல் மிதந்து சோதிக்கிறது. நாம் நம்மை அறியாமல் அது மூழ்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். கொலைகாரன் பக்கம் பார்வையாளரை இழுக்க இதைவிட நேர்மையான வழி இல்லை. ஒருவன் கஷ்டப்பட்டு ஒரு வேலை செய்வதை முழுதாகக் காட்டினால் போதும், அந்த வேலை முடிய வேண்டும் என்று மனசு தானாக நினைக்கும். இந்தப் பகுதியை மூன்று ஷாட்டில் முடித்துவிட்டு இசையைப் போட்டு நிரப்பினால் பலிக்காது.

இதே கதையை ஏட்ரியன் லைன் 2002-இல் 'அன்ஃபெய்த்ஃபுல்' என்று நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். லைட்டருக்குப் பதில் ஸ்னோ குளோப், உலுக்கினால் உள்ளே பனி பறக்கும் கண்ணாடி உருண்டை. கணவன் எட்வர்ட் மனைவிக்குக் கொடுத்ததை அவள் காதலனுக்குக் கொடுத்துவிடுகிறாள். ஷப்ரோல் படத்தில் கண்ணில் படுவது ஒன்று, அடிப்பது வேறொன்று. இங்கே இரண்டும் ஒரே பொருள். எட்வர்ட் அதைக் கையில் எடுக்கிறார், அதைக்கொண்டே அடிக்கிறார்.

அதோடு நிற்கவில்லை. எட்வர்ட் அதைத் துடைத்து வீட்டுக்கே கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்துவிடுகிறார். காதலனைக் கொன்றது யாரென்று தெரியாத மனைவி கானி, தான் கொடுத்துவிட்ட உருண்டை தன் வீட்டிலேயே இருப்பதைப் பார்க்கிறாள். அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. 'நீ கொன்றாயா?' என்று ஒரு வசனம் அங்கே எழுதியிருந்தால் அந்தக் காட்சியே செத்திருக்கும். பிறகு உருண்டையின் அடியில் ஒளிந்திருந்த படமும், 25-ஆவது திருமண நாளன்று அவள் பார்ப்பதற்காக அவர் எழுதி வைத்த குறிப்பும் கிடைக்கின்றன. ஒரே சாமான் பரிசாகிறது, துரோகமாகிறது, ஆயுதமாகிறது, சாட்சியாகிறது, கடைசியில் கடிதமும் ஆகிறது. இந்த ஒரு விஷயத்தில் மூலத்தைவிட மறு ஆக்கம் ஒரு படி மேலே என்றே சொல்வேன். மற்றபடி ஷப்ரோலின் கடைசி ஷாட்டுக்கு எதுவும் ஈடில்லை. சார்லஸ் போலீஸிடம் போய்க்கொண்டிருக்க, கேமரா பின்னால் நகர்ந்துகொண்டே லென்ஸால் முன்னால் நெருங்குகிறது. பிரிந்து போகிற கண் இன்னும் மனைவியையே பிடித்துக்கொண்டிருப்பது போல.

வெறியைக் காட்டுவதில் லைன் கெட்டிக்காரர். கானி முதல் முறை காதலனோடு இருந்துவிட்டு ரயிலில் வீடு திரும்பும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கானியாக நடித்த டயான் லேன் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சிரிப்பு, வெட்கம், அருவருப்பு, மறுபடி சிரிப்பு என்று முகம் மாறிக்கொண்டே இருக்க, மத்தியானம் நடந்தது துண்டு துண்டாக இடையில் வந்து போகிறது. படத்தொகுப்பு ஆன் வி. கோட்ஸ். நடந்ததை நடந்த வரிசையில் காட்டியிருந்தால் அது வெறும் படுக்கையறைக் காட்சி. நினைவாகக் காட்டியதால் அவள் திரும்பவும் போவாள் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது.

பொருளின் கணக்கு தப்பினால் குற்றவாளி மாட்டிக்கொள்வான் என்பதற்கு ஹிட்ச்காக்கின் 'டயல் எம் ஃபார் மர்டர்' (1954). மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்த டோனி, அவள் பையிலிருந்த வாசல் சாவியை எடுத்து மாடிப்படிக் கம்பளத்துக்கு அடியில் வைக்கிறான். வந்தவன் கதவைத் திறந்த கையோடு சாவியை அங்கேயே திரும்ப வைத்துவிட்டு உள்ளே போகிறான். போகும்போதுதான் வைப்பான் என்பது டோனியின் கணக்கு. அவள் கத்தரிக்கோலால் குத்தி அவன் செத்துவிட, அவன் சட்டைப்பையில் இருந்த சாவியை எடுத்து டோனி மனைவியின் பையில் போடுகிறான். அது செத்தவனின் சொந்த வீட்டுச் சாவி. மொத்தத் தடயமும் இதுதான். இப்படி எழுதும்போது சாவி எந்த நேரத்தில் யார் கையில் என்று தனித்தாளில் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளாமல் ஆரம்பிக்காதீர்கள்.

தளர்ந்துபோன முடிச்சுக்கும் லைனிடமிருந்தே உதாரணம் கிடைக்கிறது. 'ஃபேட்டல் அட்ராக்ஷன்' (1987) முதலில் வேறு மாதிரி முடிந்தது. கல்யாணமான டானோடு உறவு வைத்து, பிறகு அவனை விடாமல் துரத்துகிற அலெக்ஸ் கத்தியால் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். கத்தியில் டானின் கைரேகை இருப்பதால் போலீஸ் அவனைப் பிடிக்கிறது. முன்னோட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவளுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அலெக்ஸாக நடித்த கிளென் க்ளோஸ் கடுமையாக எதிர்த்தும், குளியலறையில் டானின் மனைவி அவளைச் சுடும் முடிவு புதிதாக எடுக்கப்பட்டது. காட்சியாக அது பலமானது. கீழே கெட்டில் விசில் அடித்துக்கொண்டிருக்க, மேலே மனைவியின் அலறல் டானுக்குக் கேட்காமல் போகிறது.

ஆனால் பழைய முடிவுக்காக விதைத்ததெல்லாம் படத்தில் அப்படியே நிற்கிறது. அலெக்ஸ் 'மேடம் பட்டர்ஃப்ளை' ஆபரா கேட்பது, அந்த நாயகி தற்கொலை செய்துகொள்வாள் என்பதற்காக வைத்தது. அலெக்ஸ் வீட்டுச் சமையலறைச் சண்டை முடிந்ததும் டான் அவளிடமிருந்து பிடுங்கிய கத்தியை மேடைமேல் மெதுவாக வைப்பது கைரேகைக்காக. அந்தக் கத்தி கீழே வைக்கப்படும் நிதானத்தைப் பார்த்தால் இதில் ஏதோ வரப்போகிறது என்று தோன்றும். அந்தக் கைரேகையை யாரும் தேடி வருவதில்லை.