மில்லிவினாடிக்குள் கலந்திருப்பவை

சேலத்தில் பக்கவாதம் வந்து மீண்டவர்களுக்குக் கவனமும் நினைவாற்றலும் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்த்துப் பயிற்சி கொடுப்பது என் வேலை. 1935-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் வெளியிட்ட கவனச் சோதனை, அதாவது ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு மையின் நிறத்தைக் கேட்பது, இன்று டேப்லெட்டில் வண்ண விளையாட்டாக வந்துவிட்டது. தாளும் நிறுத்துக் கடிகாரமும் வைத்திருந்த காலத்தில் மொத்த நேரமும் பிழைகளுமே கிடைக்கும். செயலியோ ஒவ்வொரு தொடுதலுக்கும் எத்தனை மில்லிவினாடி ஆனது என்று குறித்துவைப்பதால், நோயாளி எந்த இடத்தில் களைப்படையத் தொடங்குகிறார் என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது. இந்த வசதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அந்த எண்ணுக்குள் மூளையின் வேகம் மட்டும் இருப்பதில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் ஆயுள் முழுக்க வெள்ளிக் கண்ணிகளைக் கோத்துப் பற்றவைத்த பெரியவர் ஒருவருக்குச் செயலி மிக மெதுவான வேகத்தைக் காட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோது, சரியான கட்டத்துக்கு விரல் உடனே போவதும், காய்த்து வறண்ட அந்த விரல்நுனியைத் தொடுதிரை உணராமல் இருப்பதும், அவர் மறுபடி அழுத்தி ஊன்றுவதும் தெரிந்தன. “எங்க தொடணும்னு எனக்குத் தெரியுது கண்ணு, நான் தொட்டதுதான் இதுக்குத் தெரிய மாட்டேங்குது” என்றார். ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு ஆடச் சொன்னதும் வேகம் வெகுவாகக் கூடியது. நோயில் துளி மாற்றமும் இல்லை.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் சிக்கல் வேறு விதம். காப்பித் தோட்டத்தில் எந்த ஒற்றையடிப் பாதை எங்கே பிரியும் என்று சொல்லக்கூடிய மூதாட்டி, மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த திரை வரைபடத்தில் திகைத்து நிற்கிறார். 2016-இல் வெளியான ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ என்னும், படகை ஓட்டி வழி கண்டுபிடிக்கும் செல்பேசி விளையாட்டின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக வழியறிவதில் மேலானவர்கள் என்று 2022-இல் எழுதினார்கள். ஆனால் அது செல்பேசி விளையாட்டை ஆடத் தெரிந்தவர்களிடம் கிடைத்த முடிவு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பயிற்சி விஷயத்தில் குடும்பத்தாரின் ஆவலைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. “அப்பா அடுத்த லெவலுக்குப் போய்விட்டார், இனி கடைக் கணக்கைப் பார்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் யாருக்கும் மதிப்பெண் ஏறும். 11,430 பேரை ஆறு வாரம் இணையத்தில் ஆடவைத்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், பழகிய விளையாட்டுகளில் முன்னேற்றம் இருந்தும் பழகாத சோதனைகளுக்கு அது பரவியதாகத் தெரியவில்லை. லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்திய நிறுவனம், போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2016-இல் அமெரிக்க அரசு அமைப்புக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. மறுபக்கம், 65 வயதைக் கடந்த 2,832 பேரைக் கொண்டு நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வில், பார்த்து விரைந்து முடிவெடுக்கும் பயிற்சியின் பலன் பத்து ஆண்டுகள் கழித்தும் அந்தத் திறனில் காணப்பட்டது. எதைப் பழகுகிறோமோ அதில் தேறுகிறோம் என்றே இவற்றை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே கொலுசுப் பெரியவருக்கு விளையாட்டைச் சில நிமிடங்களோடு நிறுத்திவிட்டு, அளவு வாரியாகக் கண்ணிகளைப் பிரிப்பதையும், நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் எண்ணிக்கை தவறாமல் கோப்பதையுமே பயிற்சியாக வைத்தோம். அறிக்கை எழுதும்போது மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எந்தக் கருவி, எந்தக் கை, எத்தனையாவது அமர்வு, செல்பேசிப் பழக்கம் உண்டா, எதுவரை படித்தவர் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு எண்ணைக் கேட்டால் ஒரு பக்கம் வருகிறதே என்று மருத்துவர்கள் சலித்துக்கொள்வது உண்டு. அதற்காக நான் சுருக்குவதில்லை.