தகரம் ஏறாத அஞ்சு

ஜனவரி 27, 2025, திங்கள்

ஒபிசுக்கு வந்து பேக்க வைக்க முதலே மெயில் நிக்குது, அமெரிக்கக் காசில நடக்கிற வேலை எல்லாத்தையும் உடன நிப்பாட்டட்டாம். 20ம் திகதி பதவியேத்த கையோட ட்ரம்ப் போட்ட கையெழுத்து, வெளிநாட்டு உதவி 90 நாள் நிறுத்தம். திருகோணமலை மாவட்டம், மூதூர்ப் பக்கம் நாங்க கட்டுற மலசலகூடம் 12ல 7 முடிஞ்சுது, மிச்சம் 5க்கும் சுவர் எழும்பி கதவும் போட்டாச்சு, கூரைத்தகரம் சனிக்கிழமையே லொறியில வந்து இறங்கி மரத்துக்குக் கீழ கிடக்கு. புதுசா ஒரு ரூபா செலவழிக்கக் கூடாதாம். அப்ப ஆணி அடிக்கிற பாஸுக்கு கூலி ஆர் குடுக்கிற?

ஜனவரி 30

ஜெனீவா ஹெட் ஒபிசோட கோல். அங்க காலை 10 மணி, இங்க மத்தியானம் ரெண்டரை, வாஷிங்டன்ல விடிய 4 மணி, முடிவெடுக்கிற ஆக்கள் நல்ல நித்திரை, அதால எதைக் கேட்டாலும் "கேட்டுச் சொல்றம்" தான். உயிர் காக்கிற உதவிக்கு விலக்கு இருக்கெண்டு 28ம் திகதி அறிவிச்சாங்க, மருந்து, சாப்பாடு, தங்குமிடம் அப்பிடி. மலசலகூடம் உயிர் காக்குமா எண்டு ரெண்டு பக்கத்தில எழுதித் தரட்டாம். எழுதினன். வயித்தோட்டம், வெள்ளம் வந்தா கிணத்துத் தண்ணிக்கு என்ன ஆகும் எண்டெல்லாம். இரவில பத்தைக்குள்ள போற பொம்பிளையள், பாம்பு எண்டு எழுதின பந்திய மட்டும் வெட்டிட்டாங்க, ஆதாரம் காணாதாம். பாம்பிட்ட கையெழுத்து வாங்கவா?

பெப்ரவரி 3

மூதூர் போனன். கிண்ணியாப் பாலத்தில நல்ல காத்து. அங்க ஒரு ஆச்சி தகரத்தக் காட்டி, "புள்ள, சாமான் இங்கதானே கிடக்கு, என்ட பேரன் ஏத்துவான், ஆணிய மட்டும் தாங்க" எண்டாங்க. குடுக்க ஏலாது, அது புரொஜெக்ட் சொத்து, எழுத்தில அனுமதி வேணும். "கொஞ்சம் பொறுங்க ஆச்சி" எண்டு சொல்லிட்டு வந்தன், முகத்தப் பாக்க ஏலல்ல.

நாளைக்கு சுதந்திர தினம், நாடே லீவு. மீட்டிங் நாளைக்குத்தான் போட்டிருக்காங்க!

பெப்ரவரி 27

நேத்து சிவராத்திரி, கோணேசர் கோயில்ல முழிச்சிருந்துட்டு வந்து ஃபோனப் பாத்தா புரொஜெக்டே முடிஞ்சுது, 90 நாளும் இல்ல ஒண்டும் இல்ல. தகரத்த என்ன செய்யிற எண்டு கேட்டன். பதில் இல்ல.

மார்ச் 6

5க்கும் தகரம் ஏறிட்டுது. ஆர் ஏத்தின எண்டு நான் கேக்கல்ல, ஆச்சியும் சொல்லல்ல, தேத்தண்ணி மட்டும் தந்தாங்க. இருப்புப் படிவத்தில 'தகரம் தற்போது உள்ள இடம்' எண்ட கட்டத்தில "கூரையில" எண்டு போட்டு ஜெனீவாவுக்கு அனுப்பியாச்சு.